மண்ணுக்குள் எந்த இடத்தில்?

1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய ஈயக்குண்டு எங்கே இருக்கிறது என்பது டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. டெலிபோன் புகழ் கிரகாம் பெல், கம்பிச்சுருள்களாலான ஒரு கருவியுடன் வந்தார். உலோகம் அருகில் வந்தால் சுருள்களின் சமநிலை குலையும். டெலிபோன் குழலில் ஒலி கேட்கும். ஒலி கேட்கத்தான் செய்தது; ஆனால் பரந்த பகுதி எங்கும் கேட்டது! பிறகு விசாரித்ததில், நோயாளியின் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான இன்னொரு மெத்தை இருந்தது தெரிந்தது. போதாக்குறைக்கு, டாக்டர் உடலின் வலப்பக்கத்தில் மட்டுமே தேடச் செய்தார். செப்டம்பர் 19-இல் ஜனாதிபதி இறந்தார். குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் கிடந்தது.

இன்றைய மெட்டல் டிடெக்டரிலும் அடிப்படை அதுவே. ஒரு சுருளில் பாயும் மாறுதிசை மின்னோட்டம், புதைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை உண்டாக்கும் காந்தப்புலத்தை மற்றொரு சுருள் உணர்கிறது. இரும்பு, ஈயம், வெள்ளி ஆகியவற்றின் எதிரொலிகள் கட்டத்தில் வேறுபடுவதால், ஓரளவு தரம் பிரிக்கவும் முடிகிறது.

ஆனால் மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்களும் எதிரொலி தருமே! கருவியை வீசி நடக்கையில் மண்ணின் எதிரொலி மெதுவாகவும், நாணயத்தின் எதிரொலி சட்டென்றும் மாறும். மெதுவாக மாறுவதை வடிகட்டிவிட்டால் நாணயம் மட்டும் ஒலிக்கும். இது தேடும் முறை. இதில் சுருளை அசைக்காமல் நிறுத்தினால் நாணயமும் 'மெதுவான' பொருளாகிவிடும், ஒலி நின்றுவிடும். அப்படியானால் சரியான இடத்தை எப்படிக் குறிப்பது?

அதற்குத்தான் 'பின்பாயிண்ட்' பொத்தான். அதை அழுத்தினால் இந்த வடிகட்டல் நீங்கும். சுருள் அசையாதிருந்தாலும், பொருளை நெருங்க நெருங்க ஒலி உயரும். முதலில் வடக்குத்தெற்காக நகர்த்தி ஒலி உச்சமாகும் கோட்டைக் குறியுங்கள், பிறகு கிழக்குமேற்காக. இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தோண்டலாம். பொத்தானை அழுத்தும்போது சுருள், பொருளைவிட்டுச் சற்று விலகியிருக்கவேண்டும். அழுத்திய நொடியின் நிலையைக் கருவி சுழியமாக எடுத்துக்கொள்கிறது; பொருளின்மேலேயே அழுத்தினால் அதன் ஒலியே மறைந்துபோகும். பழகிய கைகள் இதையே தந்திரமாக்கி, பொருளின் ஓரத்தில் அழுத்தி, ஒலிக்கும் பரப்பைச் சிறிதாக்கிக் கொள்வதும் உண்டு.

ஆழம்தான் பெரிய தொல்லை. காந்தப்புலம் போகும்போதும் திரும்பும்போதும் தொலைவின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. ஆழமாகக் கிடக்கும் சிறு நாணயம் இருமடங்கு ஆழத்துக்குப் போனால் அதன் எதிரொலி ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும்.

பின்பாயிண்ட் முறை இடத்தைத்தான் சொல்லும். பெரும்பாலான கருவிகளில் அம்முறை இரும்பா வெள்ளியா என்று பிரித்துக் காட்டாது. ஆகவே பெல்லிடம் அந்தப் பொத்தான் இருந்திருந்தாலும், மெத்தைக் கம்பிகளும் சேர்ந்தே ஒலித்திருக்கும். நோயாளியை முதலில் வேறு கட்டிலுக்கு மாற்றியிருக்கவேண்டும்.