பாறைத் தோட்டத்தில் கிறிஸ்து முள்

நாள் முழுக்க வெயில் காயும் இடத்தில் பாறைத் தோட்டம் போட்டால், முதலில் வைக்க வேண்டிய செடி கிறிஸ்து முள். நர்சரியில் யூஃபோர்பியா என்று கேட்டு, குட்டை ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றிரண்டு அடிக்கு மேல் போகாது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடிக்கு 1826-இல் தாவரவியல் பெயர் சூட்டினார்கள். ஓரளவு ஈரம் கிடைத்தால் ஆண்டு முழுவதும் பச்சை மாறாது. கடும் வறட்சியில் மட்டும் இலை உதிர்க்கும்.

வெயில் இதற்கு ஒத்துக்கொள்ளும். வேரடியில் தேங்கும் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளாது. அதனால் நடுவதற்கு முன்பே வடிகாலைச் சரிசெய்ய வேண்டும். தரையிலிருந்து ஒரு முழமாவது மேடு கட்டுங்கள். அடியில் உடைந்த செங்கல்லும் ஜல்லியும் பரப்பி, அதன் மேல் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து கொட்டுங்கள். மணல் தாராளமாக இருக்கட்டும், உரம் கொஞ்சம் போதும். உரம் கூடினால் இலைதான் தழைக்கும், பூ குறையும். கற்களை மண்மேல் சும்மா வைக்காமல், மூன்றில் ஒரு பங்காவது புதையும்படி பதியுங்கள். மழையில் மண் அரிக்காது, கல்லும் உருளாது.

குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். நாலைந்து அங்குல நுனிக் குச்சியை வெட்டியதும் வெட்டுவாயில் பால் வடியும். வெட்டுவாயைத் தண்ணீரில் நனைத்துப் பாலை நிறுத்திவிட்டு, குச்சியை நிழலில் சில நாள் காயவிடுங்கள். வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகு, லேசான ஈரமுள்ள மணலில் ஊன்றுங்கள். காயாமல் நட்டால் அழுகும். அந்தப் பால் நச்சுள்ளது. தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை அவசியம், குழந்தைகள் ஓடியாடும் பக்கம் இதை வைக்காதீர்கள்.

சிவப்பாகவோ மஞ்சளாகவோ இதழ்போல் இரண்டு விரிந்திருக்கிறதே, அவை பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே மிகச் சிறியதாக இருக்கும். செதில்கள் சீக்கிரம் வாடுவதில்லை என்பதால்தான் செடி நெடுநாள் பூத்தபடியே தெரிகிறது. தினமும் ஆறு மணி நேர வெயிலாவது கிடைத்தால் இந்த நிறம் குறையாது.

விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் வேண்டாம். தண்டின் அடி பழுப்பேறிக் கொழகொழத்தால் அது அழுகல். தாமதிக்காமல், மேலே கெட்டியாக உள்ள பகுதியை வெட்டியெடுத்து, காயவைத்துப் புதிதாக நடுங்கள். செடி பிழைத்துவிடும்.