கேஸ் போட்ட பழைய கார் வாங்குமுன்

மும்பையில் பழைய கார் விலை பேசும் நம்மவர்கள், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "கேஸ் போட்டிருக்கா?" டோம்பிவலியிலிருந்தோ முலுண்டிலிருந்தோ தினமும் காரில் வேலைக்குப் போகிறவருக்கு சி.என்.ஜி.யின் சிக்கனம் பெரிய விஷயம்தான். விற்பவரும் டிக்கியைத் திறந்து சிலிண்டரைக் காட்டுவார். நமக்குத் திருப்தியாகிவிடும். ஆனால் டிக்கியில் இருக்கும் சிலிண்டர் காகிதத்திலும் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

கேஸ் கார்களில் இரண்டு வகை. கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்தவை ஒரு வகை. பெட்ரோல் காராக வாங்கி, பிறகு வெளியே கிட் போட்டவை மற்றொரு வகை. மாருதி நிறுவனம் தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்திய ஐந்து மாடல்களை 2010-ல் கொண்டுவந்தது. கம்பெனி வண்டியில் பதிவுத் தொல்லை இல்லை, பிறக்கும்போதே ஆர்.சி.யில் 'பெட்ரோல்/சி.என்.ஜி.' என்று இருக்கும். வெளியே கிட் போட்ட வண்டியில்தான் கவனம் வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேஸ் கிட் போட அதே பிரிவு அனுமதிக்கிறது, ஆனால் விதிகளின்படி. வண்டியின் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்கள் அந்த அங்கீகாரத்தைத் தருகின்றன. அதை அங்கீகாரமுள்ள கடையில் பொருத்தி, ரசீதையும் சான்றிதழையும் கொண்டுபோய் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். செய்யாதவர்கள் ஏராளம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், ஏஜெண்ட் பார்த்துக்குவான்" என்ற பேச்சை நம்பாதீர்கள். விதிக்குப் புறம்பான மாற்றத்துக்கு, 2019-ல் வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வண்டி உங்கள் பெயருக்கு வந்த பிறகு கேள்வி உங்களிடம்தான் வரும். அட்வான்ஸ் கொடுக்குமுன் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எரிபொருள் என்ற இடத்தில் வெறும் 'பெட்ரோல்' என்றிருந்தால், விற்பவரே திருத்திக் கொடுக்கட்டும், பிறகு பணம் என்று சொல்லுங்கள். பாங்க் கடன் பாக்கியும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது சிலிண்டர். சி.என்.ஜி. சுமார் 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. நம் கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு! பின்சீட்டில் குழந்தைகள் உட்காருவது இதற்கு முன்னால்தான். அதனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்வது கட்டாயம். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்புத் துறையின், அதாவது 'பெஸோ'வின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் அதைச் செய்ய வேண்டும். சான்றிதழில் உள்ள சிலிண்டர் எண்ணும், சிலிண்டர் மேல் பொறித்த எண்ணும் ஒன்றா என்று குனிந்து பாருங்கள். வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய சிலிண்டராக இருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். சமையல் கேஸ் சிலிண்டரில் ஓடும் வண்டி என்றால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

இனி இன்ஷ்யூரன்ஸ். பெரிய பணம் போவது இங்கேதான். கிட் போட்டிருப்பது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம். சொல்லாமல் விட்டால், கிட்டின் விலை பாலிசித் தொகையில் சேராது என்பது சின்ன நஷ்டம். வண்டி தீப்பிடித்தால், விஷயத்தை மறைத்தீர்கள் என்று மொத்த க்ளெய்மையே கம்பெனி மறுக்க இடம் கொடுத்ததாகும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் அது வருஷக் கணக்கு. இத்தனைக்கும் சொல்வதற்கு ஆகும் செலவு அற்பம். 2002-ஆம் வருஷத்து மோட்டார் டாரிஃபில் கிட் விலையில் 4 சதவிகிதமும், மூன்றாம் நபர் காப்புக்கு 60 ரூபாயும்தான் கூடுதல் பிரீமியம். 40,000 ரூபாய் கிட்டுக்கு இந்தக் கணக்கில் 1,660 ரூபாய். பழைய பாலிசியை வாங்கி, கேஸ் கிட்டுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஆர்.சி. திருத்தியதும் நீங்களே எழுதிக்கொடுத்துச் சேருங்கள்.

பாலிசியில் இன்னொரு சங்கதி. வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பு தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. உச்ச நீதிமன்றம் 1995-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். விற்றவருடைய 'நோ க்ளெய்ம் போனஸ்' உங்களுக்குக் கிடைக்காது, அது வண்டிக்கல்ல, மனிதருக்குச் சேர்ந்தது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வேறு மாநில வண்டியென்றால் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி.யும், இங்கே சாலை வரியும் சேரும். வதோதராவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கிளம்புகிறவர்கள் இந்த வரியையும் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

விற்கிறவர்களுக்கும் இதில் சிக்கல் உண்டு. மாற்றல் உத்தரவு வந்ததும், பக்கத்து பில்டிங் நண்பருக்குக் காரைக் கொடுத்து, கையெழுத்திட்ட வெறும் படிவத்தையும் கொடுத்துவிட்டு ரயிலேறுவது நம்மவர்களிடையே சகஜம். 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார் பல கைகள் மாறி 2009-ல் விபத்தில் ஒரு குழந்தையின் உயிரைப் பறித்தது. பதிவேட்டில் இன்னும் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்ததால், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விற்பனை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

ரிட்டயராகி, காரோடு திருநெல்வேலிக்கோ கும்பகோணத்துக்கோ போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். அதற்கான என்.ஓ.சி.யை இங்குள்ள ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். ஆகவே கிட் பதிவு பாக்கி இருந்தால், கிளம்புவதற்கு முன்பே இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.