சாக்பீஸ் கோட்டிலிருந்து சாஃப்ட்வேருக்கு... மாறும் நாமக்கல் லாரிப் பட்டறைகள்!

லாரிக்குப் பாடி கட்ட வேண்டுமா? நாமக்கல். போர்வெல் ரிக் வண்டி வேண்டுமா? திருச்செங்கோடு. இந்த இரண்டு ஊர்களின் பெயரும் இந்தியா முழுக்கத் தெரியும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, டேப் பிடித்து அளந்தே வண்டியை நிமிர்த்திய மேஸ்திரிகள் வாழும் மண் இது. இப்போது அந்தப் பட்டறைகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்துகொண்டிருக்கிறது.

ஏன் இந்த மாற்றம்?

முதல் காரணம், விதிமுறை. லாரி பாடிக்கு ஏஐஎஸ்-093, பஸ் பாடிக்கு ஏஐஎஸ்-052 என்று தனித்தனி விதித் தொகுப்புகள் வந்துவிட்டன. ஒப்புதல் வாங்க, அளவுகளோடு வரைபடம் வேண்டும். மேஸ்திரியின் மனக்கணக்கைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும்.

இரண்டாவது, காசு. 2018-ல் இரண்டு ஆக்ஸில் லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. அந்த வரம்புக்குள் பாடியின் எடையும் அடக்கம். பாடியில் 200 கிலோ குறைத்தால், ஒவ்வொரு நடைக்கும் 200 கிலோ சரக்கு கூடுதலாக ஏற்றலாம். எந்த இடத்தில் இரும்பைக் குறைக்கலாம், எங்கே குறைத்தால் விரிசல் விடும் என்பதைச் சாஃப்ட்வேர் திரையிலேயே சிவப்பு நிறத்தில் காட்டிவிடும்.

தகடு வெட்டுவதிலும் லாபம் உண்டு. எட்டடிக்கு நாலடி அளவில், 5 மி.மீ. தடிமனுள்ள ஒரு இரும்புத் தகடு சுமார் 120 கிலோ இருக்கும். அதில் 10 சதவிகிதம் துண்டாக வீணானாலும் 12 கிலோ பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். பாகங்களை நெருக்கமாக அடுக்கி வெட்டச் சொல்லித்தரும் சாஃப்ட்வேர் அந்தச் சேதாரத்தைக் குறைக்கிறது.

வாடகை வீடு மாதிரி!

உலக அளவில் இந்தச் சந்தை வேகமாக வளர்கிறது. 2025-ல் மட்டும் ஆன்சிஸ் நிறுவனத்தை சினாப்சிஸ் சுமார் 3,500 கோடி டாலருக்கும், ஆல்டேரை சீமென்ஸ் சுமார் 1,000 கோடி டாலருக்கும் வாங்கின.

இந்த வளர்ச்சியின் சுமை சின்னப் பட்டறைகள் மேல்தான் விழுகிறது. 1982-ல் ஆட்டோகேட் வந்தபோது ஒருமுறை வாங்கினால் சொந்தம். 2016-லிருந்து அது சந்தா. பணம் கட்டுவதை நிறுத்தினால், வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல சாஃப்ட்வேரை விட்டு வெளியேற வேண்டியதுதான். வண்டி ஆர்டர் இல்லாத மாதத்திலும் சந்தா ஓடும். திருட்டுப் பிரதி போட்டால் வழக்கு, வைரஸ் என்று வேறு தலைவலி.

வழி இல்லாமல் இல்லை. ஃப்ரீகேட் என்ற சாஃப்ட்வேர் முழுக்க இலவசம். 20 ஆண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு, 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளியானது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு வரைவாளரை வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை.

படிக்கும் பிள்ளைகளுக்கு...

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கேட் படித்த பிள்ளைகள் சொந்த ஊரிலேயே வேலை தேடலாம். ஆனால், திரையில் வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. தகட்டை மடக்கும்போது அதன் நீளம் கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறும் என்ற எண்ணைச் சாஃப்ட்வேருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். தகட்டைப் பார்த்ததுமே அந்தக் கணக்கைச் சொல்லக்கூடியவர் மேஸ்திரி. அவர் ஓய்வு பெறுவதற்குள் கேட்டுக்கொள்ளுங்கள்!