இழந்த எதிர்ப்புச் சக்தி மீண்டும் வருமா?

எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு இன்றும் மரணமே நினைவுக்கு வருகின்றது. தாதியாக நான் பணியில் சேர்ந்த தொண்ணூறுகளில் அந்த எண்ணம் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. எங்கள் விடுதிக்கு வந்தவர்களின் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுக்க முடிந்தது. அடிப்படை நோய்க்குக் கொடுக்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் நமது நாட்டில் அரச செலவில் எச்.ஐ.வி.க்கு எதிரான கூட்டு மருந்துச் சிகிச்சை ஆரம்பிக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. படுக்கையில் கொண்டுவரப்பட்டவர்கள் எழுந்து நடந்து வீடு சென்றதை நான் கண்டிருக்கின்றேன்.

அன்று முதல் ஓய்வுபெறும் வரை சிகிச்சை நிலையத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், மருந்து போட்டால் உடம்பு பழையபடி வருமோ?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்கு விடை கூற முடியாது. ஆனால் அந்த விடையை அறிந்திருப்பது நோயாளிக்கு மட்டுமன்றி, அவருடன் வாழும் குடும்பத்தாருக்கும் அவசியமானது.

அழிக்கப்படுவது எது?

நமது குருதியில் உள்ள வெண்குழியங்களில் ஒரு வகை சி.டி.4 கலங்கள். கிருமி ஒன்று உடலினுள் புகுந்தால் ஏனைய பாதுகாப்புக் கலங்களை ஏவி வேலை செய்விப்பவை இவையே. எச்.ஐ.வி. இந்தக் கலங்களையே தேடிப் பிடித்து அழிக்கின்றது. சுகதேகி ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவை பொதுவாக 500 முதல் 1500 வரை இருக்கும். 200க்குக் கீழ் இறங்கும்போது, சாதாரணமானவரைத் தாக்காத கிருமிகளும் உயிருக்கு ஆபத்தாகின்றன. அந்த நிலையையே எயிட்ஸ் என்கின்றோம்.

குருதியில் எண்ணப்படுவது ஒரு பகுதி மாத்திரமே. இக்கலங்களில் மிகப் பெரிய தொகை குடற்சுவரிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கின்றது. தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களிலேயே குடற்சுவரில் பெரும் அழிவு நிகழ்ந்துவிடுகின்றது. வேலி அறுந்த வளவுக்குள் ஆடு மாடு புகுவது போல, குடலில் உள்ள நுண்ணுயிர்களின் துகள்கள் குருதிக்குள் கசிகின்றன. இதனால் உடலில் ஓர் அழற்சி ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும்.

மீட்சி இரு கட்டங்களாக வரும்

குளிசைகள் வைரசு பெருகுவதைத் தடுக்கின்றன. அழிவு நின்றதும் உடல் தானே தன்னைச் சீர்செய்யத் தொடங்குகின்றது. முதல் மூன்று மாதங்களில் எண்ணிக்கை விரைவாக ஏறும். நிணநீர்க் கணுக்களில் சிக்கியிருந்த பழைய கலங்கள் விடுபட்டுக் குருதிக்கு வருவது இதற்கு ஒரு முக்கிய காரணம். அதன் பின் ஏற்றம் மெதுவாகும். புதிய கலங்கள் நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து வரவேண்டும். இச்சுரப்பி சிறுவயதில் பெரிதாக இருந்து வயதாக ஆகச் சுருங்குவது. ஆகவேதான் இளவயதினர் விரைவாகவும், முதியோர் தாமதமாகவும் தேறுகின்றார்கள்.

பொதுவாக முதலாண்டில் 50 முதல் 150 வரையும், பின்னர் ஆண்டுக்கு 50 முதல் 100 வரையும் கூடி, ஒரு மட்டத்தில் நிலைகொள்ளும். 400இல் தொடங்கியவர் சில ஆண்டுகளில் சுகதேகியின் அளவை எட்டலாம். 40இல் தொடங்கியவருக்கு அந்த வழி மிக நீண்டது.

முதல் வாரங்களில் வரும் காய்ச்சல்

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல் வரும், கழுத்தில் கட்டிகள் வீங்கும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். பல வேளைகளில் நடப்பது வேறு. உடலில் மறைந்திருந்த காசநோய் போன்ற தொற்றை, தூக்கத்திலிருந்து விழித்த பாதுகாப்புத் தொகுதி இப்போதுதான் இனங்கண்டு தாக்குகின்றது. இது கவனிக்கப்பட வேண்டிய நிலை, சிலவேளை ஆபத்தானதும்கூட. ஆகவே தாமாக மருந்தை நிறுத்தாமல் உடனே சிகிச்சை நிலையத்துக்குச் செல்லவேண்டும்.

எண்ணிக்கை ஏறாத ஒரு சகோதரி

வெளிநாட்டில் வேலை செய்த கணவர் இறந்த பின்னரே தனது தொற்றை அறிந்த ஒரு சகோதரியை என்னால் மறக்க முடியாது. எங்களிடம் வந்தபோது அவருடைய எண்ணிக்கை 38. ஆறு மாதங்களில் குருதியில் வைரசைக் காணமுடியாத நிலை வந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழிந்தும் எண்ணிக்கை 160ஐத் தாண்டவில்லை. "நான் ஒரு நாள் கூட குளிசை விடேல்லை மிஸ். எனக்குப் பிறகு வந்த ஆக்களுக்கெல்லாம் ஐந்நூறு எண்டு சொல்லீனம். எனக்கு மட்டும் ஏன் இப்பிடி? இனி என்னத்துக்கு இந்தக் குளிசை?" என்று கேட்டார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். தாயின் நோய் அவர்களுக்கும் தெரியாது.

வைத்தியர் அவரை இருத்தி வைத்து விளக்கினார். வைரசு முற்றாக அடங்கியும் எண்ணிக்கை ஏறாதவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றார்கள். மிகத் தாமதமாகச் சிகிச்சை தொடங்கியமை, வயது, நீண்ட அழற்சியால் நிணநீர்க் கணுக்கள் தழும்பேறிப் போனமை என்பன காரணங்கள். அது நோயாளியின் குற்றமுமல்ல, மருந்தின் தோல்வியுமல்ல. குளிசையை நிறுத்தினால் இருக்கும் 160உம் கரைந்துபோகும் என்றார்.

எண்ணிக்கையை மட்டும் கூட்டும் மருந்து இல்லையா என்றும் அவர் கேட்டார். அது முயன்று பார்க்கப்பட்டது. இன்டர்லியூக்கின்-2 என்ற ஊசி மருந்தை எச்.ஐ.வி. மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. எண்ணிக்கை கூடியது. ஆனால் நோயும் மரணமும் குறையவில்லை. தலைகளின் எண்ணிக்கை கூடினால் மட்டும் காவல் பலமாகாது என்பதை அது காட்டியது.

அந்தச் சகோதரி குளிசையை விடவில்லை. நியூமோனியாவைத் தடுக்கும் கோட்ரைமொக்சசோல் குளிசையையும் தொடர்ந்து எடுத்தார். எண்ணிக்கை 200ஐத் தாண்டி நிலைக்க அவருக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் விடுதியில் அனுமதிக்கப்படவில்லை.

சுகமாக இருக்கிறேன், நிறுத்தலாமா?

எண்ணிக்கை நன்றாக ஏறியவர்கள் கேட்கும் கேள்வி இது. 5,472 பேர் பங்குபற்றிய ஒரு பன்னாட்டு ஆய்வில், எண்ணிக்கை 350க்கு மேல் உள்ளபோது ஒரு பிரிவினருக்கு மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழ் இறங்கியபோது மீண்டும் கொடுத்தார்கள். அவர்களிடையே நோயும் மரணமும் கூடியதால் 2006இல் அந்த முறை கைவிடப்பட்டது. எச்.ஐ.வி.யுடன் நேரடித் தொடர்பற்ற இருதய, சிறுநீரக, ஈரல் நோய்களும் அவர்களிடம் கூடியிருந்தன. மறுபக்கத்தில், எண்ணிக்கை 500க்கு மேல் உள்ளபோதே சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் 57 வீதம் குறைந்ததை 2015இல் மற்றுமொரு ஆய்வு காட்டியது. அவ்வாண்டிலேயே, எண்ணிக்கை எதுவாயினும் அனைவருக்கும் சிகிச்சை அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

* எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு. எண்ணிக்கை ஏறிவிட்டதென்று இருந்துவிடாமல், 25 வயதிலிருந்தே இதற்கான பரிசோதனையை வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்ளவேண்டும்.

* டொலுடெகிராவிர் என்ற மருந்து இன்று பரவலாகக் கொடுக்கப்படுகின்றது. வெறும் வயிற்றில் இதனை இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுடன் சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இரண்டையும் சாப்பாட்டுடன் எடுக்கலாம். இல்லாவிடில் டொலுடெகிராவிரை இரும்புச்சத்துக் குளிசைக்கு இரண்டு மணி நேரம் முன்னரோ ஆறு மணி நேரம் பின்னரோ எடுக்கவேண்டும். கர்ப்பிணித் தாய்மார் இதனைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

* நாட்பட்ட அழற்சி இருதயத்தையும் பாதிக்கும். குருதி அமுக்கம், சீனி, கொழுப்பு என்பவற்றைக் காலத்துக்குக் காலம் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்பவர் வீட்டில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

* எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக விற்கப்படும் லேகியங்களையும் பொடிகளையும் வைத்தியரிடம் காட்டாமல் எடுக்காதீர்கள். சில, குளிசையின் வேலையைக் கெடுக்கும்.

ஊருக்கும் ஒரு பங்கு உண்டு

சிகிச்சையால் குருதியில் வைரசைக் காணமுடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து பாலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. கர்ப்பிணித் தாய்மாருக்குச் செய்யப்படும் குருதிப் பரிசோதனைக்கு இதில் பெரும் பங்குண்டு. இவ்வளவும் கைகூடிய பின்னரும், அயலவர் கண்டுவிடுவார் என்ற பயத்தில் தூர மாவட்டத்துக்குப் பஸ் ஏறி மருந்தெடுப்பவர்கள் இருக்கின்றார்கள். பஸ் காசு இல்லாத மாதத்தில் அவர்களுக்கு மருந்தும் இல்லை.

மீட்சி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் நாள்தான். 38இல் வராமல் 400இல் வந்திருந்தால் அந்தச் சகோதரியின் கதை வேறாக இருந்திருக்கும். சந்தேகம் உள்ள எவரும் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவும் இரகசியமாகவும் பரிசோதித்துக்கொள்ளலாம். பரிசோதனைக்குப் போக நினைக்கும் ஒரு பெண் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், காரணம் கேட்காமல் அவருடன் துணைக்குச் செல்லுங்கள்.