உஷார்! உள்துறை முத்திரையோடு வருகிறது மோசடி

போனில் மிரட்டிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். உச்சியில் சிங்க முத்திரை. அதன் கீழே 'உள்துறை அமைச்சகம், இந்திய அரசு'. அதற்கும் கீழே 'இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம்'. உங்கள் பெயர், ஆதார் எண், வீட்டு முகவரி எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். ரப்பர் ஸ்டாம்ப்பும் நீல மைக் கையெழுத்தும் உண்டு. பார்த்ததும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். கலங்கினாலும் பரவாயில்லை, முதலில் போனை கட் பண்ணுங்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஐ4சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த மையம், ஆன்லைன் மோசடிக்காரர்களைப் பிடிப்பதற்காகவே உள்துறை அமைச்சகம் வைத்திருக்கும் அமைப்பு. தன்னைத் தேடுகிற ஆபீசின் லெட்டர்பேடிலேயே திருடன் உங்களுக்கு சம்மன் அனுப்புகிறான்!

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' என்று ஒரு குரல்: இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் சிம் முடக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும். அழுத்தினால் 'மும்பை போலீஸ்' வரும். உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் பணமோசடி நடந்திருக்கிறது, அல்லது உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்பார்கள். அங்கிருந்து 'சிபிஐ', பிறகு 'அமலாக்கத் துறை'. வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, பக்கவாட்டில் வாக்கி டாக்கி இரைச்சல். கடைசியில் அந்த அறிவிப்பு: "நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கிறீர்கள். கேமராவை அணைக்கக் கூடாது. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது."

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். டிராய் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்தது. அமலாக்கத் துறை நிதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சிபிஐ பணியாளர் துறையில் இருக்கிறது. மும்பை போலீஸ் மகாராஷ்டிர அரசின் கையில். பட்டாவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவே ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர மாதக்கணக்கில் ஆகிற நாட்டில், இத்தனை துறைகளும் பத்தே நிமிஷத்தில் ஒரே காலில் சேர்ந்து உங்களைத் தேடி வருகின்றனவாம்!

'படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள்' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்ட்டில் லூதியானாவில் சிக்கியவர் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணையையே ஆன்லைனில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி வேஷத்துக்கும் ஆள் இருந்தது. போனது 7 கோடி ரூபாய். போலீஸ் வேகமாக இறங்கியதால் சுமார் ஐந்தே கால் கோடி மீண்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று நம் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 2024 அக்டோபரில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமரே இதைச் சொன்னார். கைது என்றால் போலீஸ் நேரில் வர வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐ-யிடம் கொடுத்தது. இனி 'அந்த சிபிஐ நாங்கள்தான், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று அடுத்த கால் வந்தாலும் ஆச்சரியமில்லை. அதையும் கட் பண்ணுங்கள்.

பணத்தைக் கறக்கும்போது மோசடிக்காரர்கள் விரும்பும் வார்த்தை 'வெரிஃபிகேஷன்'. எஃப்டியை உடைத்து 'ரிசர்வ் வங்கியின் ரகசியக் கணக்கில்' போடுங்கள், சரிபார்த்துத் திருப்பித் தருவோம் என்பார்கள். பேங்க் கவுன்டரில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் பாடம் நடத்துவார்கள்: இடம் வாங்குகிறோம், பையனுக்கு ஃபீஸ். அதனால் பேங்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுபது வயதுக்காரர் தனியாக வந்து, காதில் போனை வைத்தபடியே மொத்த எஃப்டியையும் ஆர்டிஜிஎஸ் போடச் சொன்னால் ஃபாரத்தை வாங்கிக் கீழே வையுங்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். வீட்டு நம்பரைக் கேளுங்கள்.

ஊரில் அம்மா அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு சென்னையிலோ துபாயிலோ இருப்பவர்கள் இன்று ராத்திரியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். "போலீஸ்னு யார் கூப்பிட்டாலும், என்ன சொன்னாலும், முதல்ல எனக்கு ஒரு போன் பண்ணுப்பா." அந்தக் கும்பல் முதலில் வெட்டுவது இந்த ஒரு தொடர்பைத்தான்.

பணம் போயே விட்டதா? அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடியும் என்பதால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் போன பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பேங்க்குக்கும் சொல்லுங்கள். பதற்றத்தில் கூகுளில் 'சைபர் ஹெல்ப்லைன்' என்று தேடி, முதலில் வருகிற செல் நம்பரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்த வலையை விரித்து வைத்திருப்பவனும் மோசடிக்காரனாக இருக்கலாம்.