ஜன்னலோரம் ஒரு ஸ்டூல்

எங்கள் தோல் பிரிவில் கிழக்கு ஜன்னலை ஒட்டி ஒரு மர ஸ்டூல் கிடக்கும். நோயாளி அதில்தான் உட்கார வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் வெளிறிய தேமல் கண்ணுக்குத் தப்பிவிடும். பகல் வெளிச்சம் வேண்டும். எம்.டி. படிக்க வரும் மாணவர்களுக்கு முதல் நாள் நான் காட்டுவது அந்த ஸ்டூலைத்தான். 1994-இல் என் சீஃப்பும் எனக்கு அப்படித்தான் காட்டினார்.

"தோல் டாக்டர்னா களிம்பு எழுதுறவங்கதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வில் தேறி, அதன்பின் மூன்று ஆண்டு படிக்கிற படிப்பு இது. எம்.டி. டி.வி.எல். என்பார்கள். தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் அதில் அடக்கம். ஒன்று இன்னொன்றைப் போல வேஷம் போடுவதால் மூன்றையும் ஒருவரே கற்பது நல்லது என்பது என் கருத்து. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத புள்ளிகளோடு வருகிறவருக்கு சிஃபிலிஸ் இருக்கலாம். அவர் மனம் நோகாமல் அதைக் கேட்டறிவதும் பாடம்தான்.

முதல் சில மாதங்கள் நோயின் பெயரைச் சொல்ல மாணவர்களை விடமாட்டேன். "பார்த்ததைச் சொல்லும்மா, பேரை அப்புறம் சொல்லலாம்" என்பார் சீஃப். தட்டையா, மேடா? ஓரம் தெளிவாக இருக்கிறதா, கரைந்து மங்குகிறதா? செதில் உண்டா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? இதில் நமக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. நாங்கள் படித்த புத்தகங்களின் படங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோல். அங்கே சிவந்து தெரிவது நம் கருத்த தோலில் ஊதாவாகவோ அடர்பழுப்பாகவோ தெரியும். சிவப்பையே தேடிக்கொண்டிருந்தால் நோய் கைவிட்டுப் போகும்.

கண்ணுக்கு அடுத்து விரல். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு கொத்தனார் வந்தார். முன்கையில் வட்டமாக ஒரு படை. படர்தாமரை என்று முடிவு கட்டிக் களிம்பு எழுதிவிட்டேன். சீட்டைப் பார்த்த சீஃப் அவரைத் திரும்பவும் ஸ்டூலில் உட்கார வைத்தார். "அண்ணே, கண்ண மூடிக்குங்க. நான் தொடுற எடத்த வெரலால காட்டுங்க." பஞ்சைத் திரித்துத் தொட்டார். தோள், மணிக்கட்டு எல்லாம் கொத்தனார் சரியாகக் காட்டினார். படையின் நடுவே மூன்று முறை தொட்டும் அவர் விரல் அசையவில்லை. பிறகு சீஃப் என் கையைப் பிடித்து அவருடைய முழங்கையின் உட்புறம், இடித்துக்கொண்டால் சுரீரென்று கரண்ட் அடிக்குமே, அந்த இடத்தில் வைத்தார். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது.

தொழுநோய். நான் எழுதிய களிம்போடு அவர் போயிருந்தால் சில ஆண்டுகளில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருக்கலாம். கரணை பிடித்துப் பிழைக்கிற கை அது. அன்று முதல், உணர்ச்சி பார்க்காமல் எந்தப் படைக்கும் நான் மருந்து எழுதியதில்லை.

அன்று மதியமே ஸ்மியர் எடுக்கவும் கற்றேன். காதுமடலை ரத்தம் வெளுக்கும்வரை இறுகப் பிடித்து, சின்னதாகக் கீறி, சுரண்டியதை ஸ்லைடில் தடவிச் சாயமேற்ற வேண்டும். கிருமி இருந்தால் மைக்ராஸ்கோப்பில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். பிடி தளர்ந்தால் ரத்தம் கலந்து ஸ்லைடு வீணாகும். புத்தகம் படித்து இது வராது.

இப்போது வருகிற படர்தாமரைக்காரர்களிடம் என் மாணவர்கள் முதலில் கேட்பது, "கடையில வாங்கித் தடவின ட்யூப் எங்கம்மா?" என்றுதான். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். அடியில் பூஞ்சை பரவும். வட்டம் உருக்குலைந்து அடையாளமே தெரியாது. 2018-இல் இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது. ட்யூபுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வார்டு வேலை வேறு மாதிரி. வலிப்பு மாத்திரையோ வேறு மருந்தோ ஒவ்வாமல் உடம்பெல்லாம் தோல் உரிந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். துணிவிரிப்பு புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுத்தம் செய்த வாழை இலையில் படுக்க வைப்போம். எந்த மருந்தை என்று தொடங்கினார் என உறவினர்களிடம் துருவிக் கேட்பது முதல் கண்ணுக்குச் சொட்டு விடுவது வரை இரவு முழுக்கப் பக்கத்தில் நிற்பது எம்.டி. மாணவர்தான்.

ஆய்வேடு, நான்கு தாள் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் வழக்கம்போல உண்டு. 2020-இல் வந்த விதிப்படி மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். அதை நான் மனதார வரவேற்கிறேன்.

லேசரும் முடி நடுதலும் கற்க மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள், கற்கட்டும். ஆனால் 2005 இறுதியில் நம் நாட்டில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியதும், அது ஒழிந்தே போனதாகப் பலரும் நினைத்துவிட்டார்கள். தடித்த நரம்பை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்காமல் எந்த மாணவரையும் பட்டம் வாங்க அனுப்பக் கூடாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது அரிக்காத, தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் கடைக் களிம்பு வாங்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை. முழுதும் இலவசம்.