மார்பில் கரண்ட் வைத்த பெண்களுக்கு

கழுத்தில், அக்குளில் நெறி கட்டுகிறது. பல வாரம் ஆகியும் கரையவில்லை. அது லிம்போமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். மருந்தாலும் கதிர் சிகிச்சையாலும் பலருக்கு இது குணமாகிறது. கதிர் சிகிச்சையை மக்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். மேல்கோட்டைக்காரர்கள் பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரியில் இதைப் பெறலாம். 1973-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அது.

கதிர் நோயை அழிக்கும். பக்கத்தில் உள்ள நல்ல சதையிலும் படும். 30 வயதுக்கு முன் மார்பில் கரண்ட் வைத்த பெண்களுக்கு, பின்னால் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். பெரும்பாலும் 8, 10 வருடம் கழித்தே அது தலைகாட்டும்.

எல்லோருக்கும் வராது. இப்போது கதிரின் அளவையும் குறைத்துவிட்டார்கள். ஆகவே பயந்து சிகிச்சையை விடக்கூடாது. உயிரைக் காப்பதே முதல் வேலை.

பிறகு என்ன செய்வது? கல்யாணத்துக்காகப் பழைய சீட்டை மறைக்காதீர்கள், கிழிக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். 25 வயதும் ஆகி, கரண்ட் வைத்து 8 வருடமும் ஆனால், வருடா வருடம் மார்பகப் பரிசோதனை தேவை. வலி இல்லாத கட்டியானாலும் உடனே காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்குவது எளிது.